நான்காம் தொட்டி

அத்தியாயம் ஒன்பது

எந்திரச் சத்தம் கேட்டபோது மைலிஸ் அடுப்பிலிருந்து காப்பியை இறக்கிக்கொண்டிருந்தாள். பாத்திரத்தைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

திராட்சைச் சக்கை பிழிகிற எந்திரம். லாரிகோட் மாளிகையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தச் சத்தம் தாலாட்டு மாதிரி. அக்டோபர் மாதம் அது கேட்காவிட்டால்தான் வீட்டில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். ஆனால் இன்று அது கேட்டிருக்கக் கூடாது.

சனிக்கிழமை பிற்பகல் அன்செல்மோ நான்காம் தொட்டிக்குள் செத்துப்போனான். ஒயின் வடித்த தொட்டியில் சக்கையை வாரப் போனவன், உள்ளே தேங்கியிருந்த கெட்ட காற்றில் மூச்சு முட்டி விழுந்தான். மைலிஸின் கணவன் லோயிக் தாவிப் போய் அவனை வெளியே இழுத்துப் போட்டும் பிழைக்கவில்லை. ஞாயிறு முழுக்கப் பண்ணையில் யாரும் குரல் உயர்த்திப் பேசவில்லை. பழம் பறிக்க வந்திருந்த நாற்பது பேரில் ஒருவர்கூடக் கொடிப்பக்கம் போகவில்லை.

இன்று திங்கட்கிழமை. விடிந்தும் விடியாததுமாக எந்திரம் ஓடுகிறது. இரண்டாம் தொட்டியின் சக்கை போன வாரமே பிழிந்தாகிவிட்டது. மூன்றாம் தொட்டி இன்னும் நுரைத்துக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் இவர்கள் பிழிவது எதை?

மேல்கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தைக் கடந்து ஓடினாள்.

தொட்டிக்கூடத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அண்ணன் எமெரிக் எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். இரண்டு நாளாக முகம் மழிக்கவில்லை. கீழே வைத்த மரத்தொட்டியில் கறுஞ்சிவப்பாகச் சாறு சொட்டிக்கொண்டிருந்தது.

“நிறுத்து அதை.”

“நிறுத்தினா சக்கை புளிச்சுப் போகும்,” என்றான் அவள் பக்கம் திரும்பாமலே. “வியாழக்கிழமை மழைன்னு ரேடியோல சொல்றான். பாதிப் பழம் இன்னும் கொடியிலயே நிக்குது. அதைக் கொண்டாந்து கொட்ட எனக்குத் தொட்டி வேணும்.”

“அந்தச் சக்கைல ஒரு மனுஷன் செத்துக் கிடந்தான், எமெரிக்.”

“எனக்குத் தெரியாதா? அவனைத் தூக்கிட்டுப் போய்க் கிடத்தினதுல நானும் ஒருத்தன்.”

அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அந்தக் குரலிலேயே, வேறொரு வேலையைச் சொல்வதுபோல, பிற்பகலில் நடக்கவேண்டியதையும் சொன்னான். மூன்று மணிக்குப் போலீஸ் அதிகாரி துலாக் வருகிறார். விசாரணை என்று பேர்தான், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மைலிஸ் ஒன்றும் பேச வேண்டாம். கேட்டால் மட்டும், அன்செல்மோ மத்தியானச் சாப்பாட்டில் நிறையக் குடித்திருந்தான் என்று சொன்னால் போதும். போதையில் தானாகவே உள்ளே போய்விட்டான்.

மைலிஸ் அவனையே பார்த்தாள். “அவன் குடிக்கவே மாட்டானே.”

அது அந்தப் பண்ணைக்கே தெரிந்த கதை. எட்டு அறுவடைக்கு வந்தவன் லாரிகோட் ஒயினை ஒரு வாய்கூட வைத்துப் பார்த்ததில்லை. மத்தியானம் நீள மேசையில் அவரவர் முன்னால் புட்டி இருக்கும். அவன் மட்டும் எழுந்து குழாயடிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வருவான். கூட வந்த ஸ்பெயின்காரர்கள் அவனைத் ‘தவளை’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவனும் சிரித்துக்கொள்வான்.

“நமக்குத் தெரியும். துலாக்குக்குத் தெரியாது.”

“மத்தவங்க சொல்ல மாட்டாங்களா?”

“அவங்களுக்கு அடுத்த வருஷமும் இங்க வேலை வேணும்.”

சனிக்கிழமை பார்த்தது அவள் கண்முன் வந்தது. தொட்டியிலிருந்து கெட்ட காற்றை விரட்டுகிற மின்விசிறி இரண்டாம் தொட்டியோரம் சும்மா கிடந்தது. அன்று காலையில் எமெரிக், தொட்டி பற்றாமல் பழம் வெயிலில் கிடக்கிறது என்று முற்றத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தான்.

“அவனை உள்ள போகச் சொன்னது யாரு?” என்று கேட்டாள்.

எமெரிக் முதல் தடவையாகத் திரும்பி அவளைப் பார்த்தான். எதையோ சொல்ல வந்தவன் போல உதடு அசைந்தது. பிறகு, எந்திரத்தில் நின்ற ஆளிடம் தட்டை இன்னும் கொஞ்சம் இறக்கச் சொல்லிவிட்டு நகர்ந்தான்.

சொல்லாமலே அவளுக்கு விளங்கிவிட்டது. சுவரோரம் போய்ப் பெரிய சுவிட்சைப் பிடித்துக் கீழே இழுத்தாள். எந்திரம் முனகிக்கொண்டே நின்றது. வேலையாட்கள் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எமெரிக் மறுபடி ஓடவிடச் சொல்லவில்லை. “போங்க, போய்ச் சாப்பிட்டு வாங்க,” என்று மட்டும் அவர்களிடம் சொன்னான்.

*

அன்செல்மோவின் மனைவி என்கார்னா பத்து மணி ரயிலில் போர்தோ வந்து இறங்கினாள். தெற்கே பெசியே பக்கத்தில் அக்கா வீட்டோடு தங்கி, அங்கே பழம் பறிக்கிற வேலையில் இருந்தவள். ஆகஸ்ட், செப்டம்பரில் புருஷனும் அங்கேதான் இருப்பான். அங்கே முடிந்ததும் அவன் மட்டும் இந்த மெதோக் பக்கத்துக்கு வருவான். நவம்பரில் இருவரும் சேர்ந்து ஊருக்குத் திரும்புவார்கள். எட்டு வருஷமாக அப்படித்தான்.

குள்ளமான பெண். உடுத்தியிருந்த கறுப்பு உடை அக்காவுடையதாக இருக்கவேண்டும், தோளில் தொங்கியது. கையில் ஒரே ஒரு பை. அதில் அன்செல்மோவின் கல்யாணக் கோட்டு இருந்தது. அதைப் போட்டுத்தான் அவனை அனுப்ப வேண்டும் என்றாள்.

மைலிஸ் அவளை நேராக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். பிணவறையில் இருந்த ஆள் துணியை விலக்கிவிட்டு ஒதுங்கி நின்றான்.

என்கார்னா அழவில்லை. புருஷன் முகத்தைத் தடவினாள். ஒயின் பட்டு ஒட்டிப்போயிருந்த தலைமுடியை விரலால் பிரித்துவிட்டாள். பிறகு அவன் கைகளைப் பார்த்தாள். மணிக்கட்டு வரை ஊதா நிறம். கைக்குட்டையைக் குழாயில் நனைத்து வந்து தேய்க்கத் தொடங்கினாள். ஒவ்வொரு விரலாக, நகக்கண் நகக்கண்ணாக.

அந்தக் கறை தண்ணீரில் போகாது. சோப்புக்கும் போகாது. அறுவடை முடிந்து வாரக்கணக்கில், தோல் தானாக உரிந்து புதுத்தோல் வரும்போதுதான் போகும். மைலிஸின் கையிலும் அதே நிறம் இருந்தது. அவள் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

வெகுநேரம் தேய்த்துப் பார்த்துவிட்டு என்கார்னா கைக்குட்டையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். அவளும் அந்த ஆளும் சேர்ந்து கோட்டை மாட்டினார்கள்.

திரும்பி வரும்போது மைலிஸ் காரை மெதுவாக ஓட்டினாள். இரண்டு பக்கமும் கொடிவரிசைகள் ஓடிக்கொண்டிருந்தன. மற்ற பண்ணைகளில் ஆட்கள் குனிந்து நிமிர்ந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, மெதோக் ஒயினுக்கே நல்ல வருஷம் என்று ஊரெல்லாம் பேச்சு.

“மதாம்,” என்றாள் என்கார்னா. அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு வயல்வெளியில் கற்றுக்கொண்டது. ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசினாள். “கோட்டு மாட்டும்போது அந்த ஆளு சொன்னான். இவரு குடிச்சிருந்தாராம்.”

பொய் அதற்குள் அங்கே வரைக்கும் போய்விட்டதா என்று மைலிஸ் திகைத்தாள்.

“இவங்க அப்பா குடிச்சே செத்தாரு. பத்து வயசுல அந்தப் பொணத்தை இவருதான் கழுவினாரு. அன்னிலேர்ந்து தொட்டதில்ல. எங்க கல்யாணத்துக்குக்கூடத் தொடல. எங்கப்பாவுக்கு அதுல கோவம்.” மைலிஸ் பக்கம் திரும்பினாள். “குடிச்சாரா, மதாம்? நீங்க பாத்தீங்களா?”

ஆமாம் என்றால் எல்லாம் சுலபம். இல்லை என்றால் அண்ணன் ஜெயிலுக்குப் போவான். சின்ன வயசில் அவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அவன். அம்மா செத்த வருஷம் அவளைப் பள்ளியிலிருந்து தினமும் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவனும் அவன்தான்.

“இல்ல,” என்றாள். “குடிக்கல. அன்னிக்கும் குழாயடியிலதான் பாத்தேன்.”

“அதைப் போலீஸ்கிட்டயும் சொல்வீங்களா?”

“சொல்றேன்.”

என்கார்னா தலையாட்டினாள். நன்றி சொல்லவில்லை. இன்னொன்றும் சொன்னாள். தொட்டி என்றாலே அவனுக்குப் பயம். பெசியேயில் வேலை செய்யும்போது, முதலில் மெழுகுவத்தியைக் கொளுத்தி உள்ளே நீட்டுவான். அது அணைந்தால் யார் என்ன திட்டினாலும் கால் வைக்க மாட்டான். அவளுக்கே அவன்தான் அதைச் சொல்லிக்கொடுத்தான்.

“அப்படிப்பட்டவரு ஏன் போனாரு? அதான் எனக்குப் புரியல,” என்றாள்.

*

வீடு வந்ததும் ஸ்பெயின் பெண்கள் என்கார்னாவைச் சூழ்ந்துகொண்டு தங்கள் கொட்டகைக்கு அழைத்துப் போனார்கள். மைலிஸ் மாடியேறினாள்.

லோயிக் கட்டிலில் தலையணைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தொட்டிக்குள் ஒரு நிமிஷம் இருந்ததற்கே நெஞ்சு அடைத்துப்போய், டாக்டர் அவனைப் படுக்கவைத்திருந்தார். ஊரார் வந்து கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். செத்தவனை எடுக்க உயிரைப் பணயம் வைத்தவன் என்று பேர். பிரெத்தானி கடற்கரையில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து, மைலிஸின் லக்கோசாட் குடும்பத்துக்கு மாப்பிள்ளையாக வந்து, பன்னிரண்டு வருஷமாக மாமனாரிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்க முடியாதவன், சனிக்கிழமையிலிருந்து வீரனாகிவிட்டான்.

மைலிஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பிணவறை, கைகள், காரில் கொடுத்த வாக்கு. அன்செல்மோவை எமெரிக்தான் அனுப்பியிருக்கிறான், அதைத் துலாக்கிடம் சொல்லப்போகிறேன் என்றாள்.

“எமெரிக் இல்ல,” என்றான் லோயிக்.

அவள் நிமிர்ந்தாள்.

“நான்தான்.”

ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். நான்காம் தொட்டியைத் திங்கட்கிழமை வரை திறக்காதே, காற்று இன்னும் போகவில்லை என்று வெள்ளிக்கிழமையே எமெரிக் எச்சரித்திருந்தான். இவன் கேட்கவில்லை. சனிக்கிழமையே அதைக் காலி செய்து புதுப்பழம் கொட்டிவிட்டால், சாயங்காலம் மாமனார் வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்வார் என்று ஆசை. காலையில் தானே தொட்டியின் அடிப்பக்கக் கதவைத் திறந்துவைத்துவிட்டு, சாப்பாடு முடிந்ததும் வேலையை ஆரம்பித்துவிடு என்று அன்செல்மோவிடம் சொன்னான். விசிறியும் மெழுகுவத்தியும் தான் கொண்டுவருவதாகச் சொன்னான். அதற்குள் மூன்று வண்டிப் பழம் ஒன்றாக வந்து நின்றுவிட்டது. இவன் அங்கே மாட்டிக்கொண்டான்.

“வந்து சேர்றதுக்குள்ள நேரமாயிடுச்சு. எனக்காகக் காத்துட்டு நிப்பான்னு நினைச்சேன். வந்து பாத்தா கதவு வழியா பூட்ஸ் தெரியுது. அசையல.”

இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“என் பேச்சை நம்பித்தான் உள்ள போனான். அன்னிக்கே எமெரிக்கிட்டயும் உங்கப்பாகிட்டயும் சொல்லிட்டேன். குடிச்சிருந்தான்னு சொல்லலாம்னு யோசனை குடுத்தது உங்கப்பா. எமெரிக் முதல்ல மாட்டேன்னுதான் சொன்னான். அப்புறம், லோயிக் ஜெயிலுக்குப் போனா மைலிஸ் என்ன ஆவாங்கிறதுக்காக ஒத்துக்கிட்டான்.”

காலையில் எமெரிக்கின் உதடு அசைந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அவன்மேல் வைத்திருந்த கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நெஞ்சுக்குள் தவித்தது.

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“எல்லாரும் வந்து கையைக் குலுக்கிட்டுப் போனாங்க, மைலிஸ்.” அவ்வளவுதான் அவனால் சொல்ல முடிந்தது.

அவள் சன்னலுக்குப் போனாள். கீழே கொட்டகை வாசலில் என்கார்னா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். யாரோ சூப்புக் கிண்ணத்தை நீட்டினார்கள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாளே தவிர, குடிக்கவில்லை.

மகள் போர்தோ பள்ளி விடுதியில் இருக்கிறாள். சனிக்கிழமை வீட்டுக்கு வருவாள். அவளிடம் என்ன சொல்வது? அப்பா ஒருத்தரைச் சாகவிட்டார் என்றா, செத்தவர் பெயரில் பழி போட்டுத் தப்பித்தார் என்றா?

“என்ன செய்யப் போற?” என்று பின்னாலிருந்து லோயிக் கேட்டான். கெஞ்சவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

“தெரியல,” என்றாள். அது உண்மைதான்.

மாடிப்படி இறங்கும்போது அப்பா கீழே நின்றிருந்தார். கிராத்தியேன் லக்கோசாட். எண்பதை நெருங்கியும் முதுகு வளையவில்லை. கைத்தடி இருக்கிறதே தவிர, அதை ஊன்றி யாரும் பார்த்ததில்லை. காலையில் எந்திரத்தை நிறுத்தியது நீதானா என்று கேட்டார். ஆமாம் என்றாள். இந்த வீடு ஏழு தலைமுறையாக நிற்பது வாயை அடக்கத் தெரிந்தவர்களால்தான் என்று மட்டும் சொல்லிவிட்டு, அவளுக்கு முன்னால் வரவேற்பறைக்குள் நடந்தார்.

*

துலாக் சொன்ன நேரத்துக்கு வந்தார். அந்தப் பக்கத்து ஆள்தான். அவருடைய அப்பா இதே லாரிகோட்டில் கொடி கழித்து வயிறு வளர்த்தவர். அதனால் வரவேற்பறையில் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார். தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

என்கார்னாவும் வந்து வாசலில் நின்றாள். இது அந்தம்மாவுக்குச் சங்கடமாக இருக்கும், அப்புறம் கூப்பிடலாமே என்றார் கிராத்தியேன். மைலிஸ் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் என்கார்னாவுக்குப் போட்டாள்.

கிழவரே நடந்ததைச் சொன்னார். நிதானமாக, மரியாதையாகச் சொன்னார். நல்ல உழைப்பாளி, பாவம். அறுவடைக் காலத்தில் சாப்பாட்டு மேசையில் ஒயின் தாராளமாகப் புழங்கும், யார் எவ்வளவு குடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியுமா. தலை கிறுகிறுத்து, சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே போய்விட்டான். மாப்பிள்ளை உயிரைக் கொடுத்து இழுத்தும் பலனில்லை. செத்தவனை ஊருக்குக் கொண்டுபோகிற செலவைக் குடும்பமே ஏற்கும்.

துலாக் எழுதிக்கொண்டே வந்தார். அப்படித்தானே என்று எமெரிக்கைப் பார்த்தார். எமெரிக் குனிந்து, கேட்கும் கேட்காததுமாக, ஆமாம் என்றான்.

“நீங்க, மதாம்? சாப்பாட்டு நேரத்துல அவரைப் பாத்தீங்களா?”

மைலிஸ் நின்றுகொண்டிருந்தாள். என்கார்னா அவளைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த பையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து பார்த்திருந்தால் ஒருவேளை சொல்லாமலே இருந்திருப்பேன் என்று பின்னாளில் மைலிஸ் நினைத்தது உண்டு.

“பாத்தேன். அவர் தண்ணிதான் குடிச்சார். எட்டு வருஷமா இந்த வீட்டு ஒயினை அவர் தொட்டதில்ல. இங்க இருக்கற எல்லாருக்கும் அது தெரியும்.”

“மைலிஸ்,” என்றார் அப்பா.

“அவர் தானாப் போகல. அவரைப் போகச் சொன்னாங்க.”

துலாக்கின் பேனா நின்றது. கிழவரை ஒருமுறை பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் கேட்டார். “யார் சொன்னது?”

அண்ணன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். வேண்டாம் என்று அந்தக் கண்கள் கெஞ்சின.

“என் புருஷன்.”

வாசலில் அரவம் கேட்டது. இரவு உடைமேல் கோட்டை மாட்டிக்கொண்டு லோயிக் நின்றிருந்தான். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். “அவ சொல்றது உண்மை,” என்றான். மாடியில் அவளிடம் சொன்னதை மறுபடி துலாக்கிடம் சொன்னான். காலையில் கொடுத்த உத்தரவு, வராத விசிறி, பழவண்டிகள். பேச்சு தடைபட்டபோதெல்லாம் இருமினான்.

என்கார்னா எழுந்து அவனுக்கு நேரே வந்து நின்றாள். அவன் மார்பு உயரம்கூட அவள் இல்லை.

“இவரை வெளிய இழுத்தது நீங்கதானா?”

“ஆமா.”

“போகச் சொன்னதும் நீங்கதான்.”

“ஆமா.”

அவள் அவனை அடிப்பாள் என்று மைலிஸ் நினைத்தாள். அடித்திருந்தால் அவனுக்கே ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அடிக்கவில்லை.

“இழுத்தப்போ உசுரு இருந்துச்சா?”

“கொஞ்ச நேரம் இருந்துச்சு. கண்ணைத் திறந்தார். ரெண்டு மூணு தடவை மூச்சு விட்டார். ஏதோ சொன்னார். ஸ்பானிஷ்ல சொன்னார், எனக்கு அது தெரியாது.”

“என்ன சொன்னாரு? காதுல எப்படி விழுந்துச்சோ அப்படியே சொல்லுங்க.”

லோயிக் கண்ணை மூடிக்கொண்டான். சனிக்கிழமையிலிருந்து அந்தச் சத்தம் அவன் தலைக்குள் சுற்றிக்கொண்டேதான் இருந்திருக்கும். தட்டுத் தடுமாறிச் சொன்னான். “மே மாந்தோ... எல் ஆமோ.” பிறகு இன்னொருமுறை. “மே மாந்தோ எல் ஆமோ. அப்படித்தான் கேட்டுச்சு.”

என்கார்னா அந்தச் சொற்களை உதட்டுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.

“அப்படின்னா என்னம்மா?” என்று துலாக் கேட்டார்.

“‘எசமான் அனுப்பினாரு.’ அதான் அர்த்தம்.”

லோயிக் குழம்பிப்போய்ச் சொன்னான். “என்னையா? என்னை அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்ல. பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்.”

மைலிஸ் நடந்ததை வரிசைப்படுத்திப் பார்த்தாள். மெழுகுவத்தி அணைந்தால் கால் வைக்காதவன். விசிறிக்காகக் காத்திருந்தவன். அப்படிக் காத்து நின்றவனிடம், லோயிக் பழவண்டியோடு மாரடித்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், வேறு யாரோ வந்து நின்றிருக்கிறார்கள். என்ன வேடிக்கை பார்க்கிறாய், உள்ளே போ என்று சொல்லியிருக்கிறார்கள். எட்டு வருஷமாக வேலை கொடுத்த வீட்டுக்காரர் வாயிலிருந்து வந்த பேச்சு. தட்ட முடியவில்லை.

அவள் தன் புருஷன் பெயரைச் சொல்லியாகிவிட்டது. அது துலாக்கின் தாளில் ஏறியும் ஆகிவிட்டது.

என்கார்னா திரும்பி, உட்கார்ந்திருந்த இரண்டு ஆண்களையும் பார்த்தாள். கிழவரை, பிறகு மகனை. குரல் உயரவில்லை.

“இந்த வீட்டுல எசமான் யாரு?”

அந்தக் குடும்பத்தில் அந்தக் கேள்வியால் எத்தனை சாப்பாட்டு மேசைகள் கலைந்திருக்கின்றன என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பத்து வருஷமாக எமெரிக் எல்லாப் பாரத்தையும் சுமக்கிறான். கொடி கழிப்பதிலிருந்து புட்டி அடைப்பது வரை அவன்தான். ஆனாலும் நான் மூச்சு விடுகிறவரை லாரிகோட் என்னுடையது என்று கிராத்தியேன் ஊர் முன்னாலேயே பலமுறை சொல்லியிருக்கிறார். வக்கீல் வந்து உட்கார்ந்தும் கையெழுத்துப் போட மறுத்திருக்கிறார்.

எமெரிக் மெதுவாகத் தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தான். மைலிஸும் பார்த்தாள்.

கிழவர் கைத்தடியைத் தரையில் ஊன்றினார். அவர் அதை ஊன்றி அன்றுதான் அவள் முதல் தடவையாகப் பார்த்தாள்.

“என் மகன்,” என்றார் துலாக்கிடம், தெளிவாக, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி. “லாரிகோட்டுக்கு எசமான் என் மகன் எமெரிக்தான்.”

துலாக் பேனாவை எடுத்துக்கொண்டு எமெரிக் பக்கம் திரும்பினார்.

எமெரிக் எழுந்து நின்றான்.